தள்ளிவிடும் மோட்டார்

சுகிர்தா டீச்சருக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டீச்சருக்கு முப்பதுதான்.

சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிறிஸ்தவக் கோயிலில் மின்சார ஆர்கன் மூச்சை நிறுத்தினாலும் பழுது பார்க்க டீச்சரைக் கூப்பிடுவார்கள். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சீடர் தங்கையா, டீச்சரின் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்.

"மகள் வயசுப் பிள்ளைக்கு டார்ச் பிடிக்கீராமே வே?" என்று ஊர் சிரிக்கும்.

"பிடிச்ச இடத்துல வெளிச்சம் விழுதா, அதைக் கேளும்" என்பார் தங்கையா.

அந்த மார்கழியில் தங்கையாவின் சொந்தக் கோயில் ஆர்கனே நின்றுபோனது. மேசையளவு மரப்பெட்டி. உள்ளே பல் சக்கரங்கள் சுழன்றால்தான் பாட்டு. சுழற்ற வேண்டிய மோட்டார் உறுமியதே தவிர, அசையவில்லை.

கோயில் செயலர் வேதமாணிக்கம் கறாராகச் சொல்லிவிட்டார். "சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குள்ள சத்தம் வரணும். வரலேன்னா காலையில பழைய இரும்பு வண்டிக்காரன் வருவான். புதுசா கீபோர்டு வாங்கிக்கிடுவோம்."

டீச்சர் கருவிப் பெட்டியைத் தங்கையாவின் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்க கோயில் அண்ணாச்சி. நீங்க பாருங்க. டார்ச்சை நான் பிடிக்கேன்."

தங்கையா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது ஓடாவிட்டால், இரும்பு வண்டியில் ஏறுவது ஆர்கன் மட்டுமல்ல. இத்தனை நாள் கற்றுக்கொண்டதும் அதோடு போகும்.

பின்பலகையைக் கழற்றினார். எண்ணெய் விட ஒரு சின்னக் கிண்ணம். அதிலிருந்து விளக்குத் திரிபோல நூல்கள் கிளம்பி ஒவ்வொரு அச்சுக்கும் போயின. கிண்ணத்து எண்ணெயை அந்த நூல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்போது நூல்கள் வெள்ளையாக விறைத்திருந்தன. தங்கையா தொட்டு மோந்து பார்த்தார்.

"டீச்சர், தேங்காயெண்ணெய்!"

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் ஏசுவடியான் தலையைச் சொறிந்தார். "கிரீச்சுன்னு சத்தம் வந்துச்சு. நல்ல செக்கெண்ணெய்தான் விட்டேன். என் தலைக்குக்கூட அதைத் தேய்க்கிறதில்ல."

"மார்கழியில உறைஞ்சிரும்லா வே!"

"நான் ஐப்பசியிலல்லா விட்டேன்!"

டீச்சர் சிரித்துவிட்டார். தங்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியில் இருந்ததிலேயே பெரிய ஸ்குரூடிரைவரை எடுத்து அச்சின் அடியில் கொடுத்தார்.

"ஒரு நெம்பு நெம்பினா சுத்திரும்."

"மில்லுல அப்படித்தானா அண்ணாச்சி?"

"மில்லுல சுத்தியல்."

"சரி."

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் தங்கையா ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

ஒரு குண்டு பல்பை எரியவிட்டு நூல்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். வெள்ளை மெல்ல இளகியது. பழைய பனியன் துணியால் ஒவ்வொரு நூலாக ஒற்றி எடுத்தார். பிறகு மோட்டாருக்கு உரிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கை கூடுதலாக ஊற்றத் துடித்தது. ஊற்றவில்லை. அச்சை விரலால் திருகினார். இறுகி நின்றது. பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருகினார். வீட்டிலிருந்து வந்த சோறு தூக்குச்சட்டியிலேயே ஆறியது. வெயில் சாயும்போது அச்சு விரலுக்கு வழிவிட்டது.

பாடகர் குழு வந்து உட்கார்ந்துவிட்டது.

டீச்சர் இரண்டு ஸ்விட்சுகளைக் காட்டினார். "உள்ள ரெண்டு மோட்டார். ஒண்ணு தள்ளிவிடும். ஒண்ணு ஓடும். தள்ளுறதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். வேகம் வந்ததும் ஓடுறதைப் போடணும். அப்புறம், பிடிச்சதை விட்டுரணும்."

தங்கையா அழுத்திப் பிடித்தார். மூச்சு துருத்திபோல இரைத்தது. கண் டீச்சரின் முகத்திலேயே இருந்தது. இரண்டாவது ஸ்விட்சைப் போட்டார். முதலாவதை விட்டார். சக்கரங்கள் முனகிக்கொண்டே வேகம் இறங்கி நின்றன.

"வண்டிக்காரனுக்குப் போன் போட்டுரட்டுமா?" என்றார் வேதமாணிக்கம்.

மறுமுறை தங்கையா பயந்துபோய் ஸ்விட்சை விடவே இல்லை. பாடகர் ஒருவர் கட்டையை அழுத்திப் பார்த்தார். சுருதி எக்குத்தப்பாக ஏறி, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல நடுங்கியது. குழு முழுவதும் சிரித்தது.

தங்கையா அணைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"எப்ப டீச்சர் கையை எடுக்கணும்?"

"என் மூஞ்சியிலயா அண்ணாச்சி மோட்டார் ஓடுது?"

"சொன்னா எடுத்துருவேன்லா."

டீச்சர் டார்ச்சை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

தங்கையா மறுபடி பெட்டியின் முன்னால் குனிந்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை ஸ்விட்சில், ஒரு கை மரத்தின் மேல். உள்ளே சுழற்சி ஏறியது. ஏறட்டும் என்று இருந்தார். இரண்டாவது ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் லேசாக அமுங்கியது, பாரம் ஏற்றிய வண்டி அமுங்குவதுபோல. முதல் ஸ்விட்சை விடவில்லை. அமுங்கிய சத்தம் நிமிர்ந்தது. நிமிர்ந்து, இழுத்துக் கட்டிய நூலாக ஒரே சீராக நின்றது.

கையை எடுத்தார்.

சக்கரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒரு கட்டையை அழுத்தினார். ஸ்வரம் ஆடாமல் எழுந்தது. பின்வரிசையில் யாரோ அதே சுருதியைப் பிடித்து முனகத் தொடங்க, குழு பாட்டுக்குள் போய்விட்டது. வேதமாணிக்கம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"டீச்சர்!" என்று தங்கையா திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

டீச்சர் வெளியே, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓடுது டீச்சர்!"

"கேக்குது."

"பக்கத்துல இருக்கீங்கன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். எப்ப வெளிய வந்தீங்க?"

டீச்சர் குழாயை மூடினார்.

"சத்தம் மாறிச்சு அண்ணாச்சி. வந்துட்டேன்."

"மோட்டார் சத்தமா?"

"உங்க மூச்சு."