இடது பக்கம் ஓடிய ஸ்ட்ரைக்கர்

"அவளுக்கு எதுக்கு மாஸ்டர் அந்தப் பலகை?" என்று கேட்டாள் பிலோமினா.

தாவூத் மாஸ்டர் ஸ்ட்ரைக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப். அங்கே பலகைகளைப் பார்த்துக்கொள்வது மாஸ்டரின் வேலை. பழைய பவுடரைத் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் அட்டை வைத்து மட்டம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் கற்றுக்கொள்ள பிலோமினா வந்து பல வருஷமாகிவிட்டது. வெண்ணிலா வந்தது போன பொங்கலுக்குப் பிறகுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கான பலகையை வெண்ணிலா தயார் செய்யட்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

பிலோமினாவுக்கு ஆறவில்லை. வெண்ணிலா பவுடரைக் கோலமாவு மாதிரி கொட்டுகிறாள் என்றாள். துடைத்த துணியை உதறுவதுகூட இல்லை என்றாள். பல்லைக் காட்டிப் பேசினால் போதும், இந்த கிளப்பில் எல்லாம் கிடைத்துவிடும் என்றாள்.

மாஸ்டர் பக்கத்தில் இருந்த இன்னொரு பலகையைக் காட்டினார்.

"இதை மட்டம் பாரு. ஸ்ட்ரைக்கர் நேராப் போனா, இறுதி ஆட்டம் இதுலதான்."

பிலோமினா பலகையைத் துடைத்தாள். பவுடரை மெல்லிசாகத் தூவினாள். ஸ்ட்ரைக்கரை நிமிர்த்தி உருட்டினாள்.

அது இடது பக்கம் ஓடியது.

இடது பக்கத்தில்தான் வெண்ணிலா தன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தாள்.

பிலோமினா குனிந்து ஸ்டாண்டின் இடது கால்களுக்கு அடியில் அட்டை வைத்தாள். உருட்டினாள். மறுபடியும் இடது பக்கம்.

டீ வந்தது. முதல் கிளாஸ் வெண்ணிலாவுக்குத்தான் போனது.

பிலோமினா இன்னும் இரண்டு அட்டைகளைச் செருகினாள். உருட்டினாள். இடது பக்கம்.

"பலகையே கோணல், மாஸ்டர். நல்லதை அவகிட்ட குடுத்துட்டு, வளைஞ்சதை என் தலையில கட்டிட்டீங்க."

மாஸ்டர் எழுந்து வந்தார். இன்னொரு தடவை உருட்டச் சொன்னார்.

அவள் உருட்டினாள். மாஸ்டர் ஸ்ட்ரைக்கரைப் பார்க்கவில்லை. பலகையின் இடது சட்டத்தை, அவள் கைக்குப் பக்கத்தில், விரலால் தட்டினார்.

அப்போதுதான் பிலோமினா தன் இடது கையைப் பார்த்தாள். வெண்ணிலாவை எட்டிப் பார்ப்பதற்காக, உடம்புப் பாரம் முழுவதையும் அந்தச் சட்டத்தில் ஊன்றி நின்றிருந்தாள்.

கையை எடுத்தாள். உருட்டினாள்.

ஸ்ட்ரைக்கர் வலது பக்கம் ஓடிப் போய் இடித்தது.

"காலையில நானே மட்டம் பார்த்து வெச்ச பலகை அது" என்றார் மாஸ்டர். தன் இடத்துக்குத் திரும்பிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பிலோமினா தரையில் உட்கார்ந்தாள். வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். எழுந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்ட்ரைக்கரை உருட்டினாள்.

வெண்ணிலா எதற்கோ சிரித்தாள்.

எதிர்ச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கர் மோதும் சத்தம் கேட்டது.

"நேராப் போச்சா?" என்று திரும்பாமலே கேட்டார் மாஸ்டர்.

பிலோமினா வெண்ணிலாவின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"பார்க்கலை, மாஸ்டர்."