மூன்று ஏன் தோளிலிருந்து இறங்கினான்

அந்தக் காலத்தில், எண்கள் எல்லாம் காகிதத்தில் குடியிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்று என்பவன் ஐந்தக்காவின் வலது தோளில்தான் உட்கார்ந்திருப்பான். பொடிப்பயல். ஆனால் அவன் ஏறி உட்கார்ந்தால் போதும், ஐந்து மடங்கு மடங்காகப் பெருகி நூற்றிருபத்தைந்தாக நிற்பாள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் கணக்குப் போடும் இயந்திரம் எண்களைக் கூப்பிட்டனுப்பியது. அதன் வாசல் ரொம்பத் தாழ்வு. எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் நடந்துதான் போக வேண்டும். தோளில் ஒருவர், தலையில் ஒருவர் என்ற சங்கதியெல்லாம் அங்கே செல்லாது. கண்ணில் பட்டதை அப்படியே விழுங்கும்.

முதலில் போனவர்கள் இரண்டும், அவன் தோளில் இருந்த நான்கும். பதினாறாக வர வேண்டியவர்கள். நான்கு இறங்கிப் பக்கத்தில் நடந்தான், அவ்வளவுதான். இருபத்துநான்காக வெளியே வந்தார்கள். ஒட்டிப்போன உடம்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பவில்லை.

மூன்று அக்காவின் தோளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "அக்கா, நான் இறங்க மாட்டேன். இறங்கினால் நாமும் ஐம்பத்துமூன்றாய் ஒட்டிப்போவோம்."

"இறங்காவிட்டால் வாசல் உன் தலையைச் சீவிவிடும்டா" என்றாள் ஐந்து. "தலை தப்பினால் தம்பிரான் புண்ணியம். இறங்கு."

இறங்கி, அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாசல் நெருங்க நெருங்க, பிடித்த கை ஒட்டத் தொடங்குவது அவனுக்குத் தெரிந்தது.

வாசலோரம் நட்சத்திரக் குறிகள் நின்றிருந்தன. காகிதத்தில் அடிக்குறிப்பு காட்டிக்கொண்டு சும்மா கிடந்தவை. இங்கே பெருக்கல் வேலை பார்த்தன. மூன்று கையை உதறிவிட்டு, ஒரு நட்சத்திரத்தை இழுத்து நடுவில் நிறுத்தினான்.

"நான் ஒருத்தன் நின்றால் வெறும் பெருக்கல்தானே, பயலே" என்றது நட்சத்திரம். "பதினைந்தாய்ப் போவீர்கள்."

இயந்திரம் வாயைத் திறந்துவிட்டது. மூன்று கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு நட்சத்திரத்தையும் இழுத்தான்.

இரண்டு நட்சத்திரம் சேர்ந்து நிற்பதை இயந்திரம் அதுவரை கண்டதில்லை. "இது என்ன?" என்றது.

"பெருக்கலுக்கு மேல் பெருக்கல்" என்றான் மூன்று. "நான் அவள் தோளில் இருக்க வேண்டியவன்."

இயந்திரம் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு, உடம்பு ஒட்டாமல், நூற்றிருபத்தைந்தாக வெளியே வந்தார்கள்.

ஐந்து தன் தோளைத் தட்டிக் காட்டினாள். "பயம் போச்சு. வந்து ஏறிக்கோடா."

மூன்று அசையவில்லை. நட்சத்திரங்கள் விலகினால் மறுபடி ஒட்டிக்கொள்வோமே என்று அவனுக்குக் கிலி.

அன்று முதல்தான், காகிதத்தில் 5³ என்று தோளேறி உட்காரும் மூன்று, கணினி மொழிகள் பலவற்றில் 5**3 என்று, நடுவில் இரண்டு நட்சத்திரத்தைக் காவல் வைத்து, அக்காவைத் தொடாமலே நடந்து வருகிறான்.