முக்காலி வைத்த யானை

மழை பொய்த்து, நாடகக் கொட்டகை ஈயோட்டிக் கிடந்த வருஷம். ராஜா வேஷம் கட்டும் முதலாளி தில்லைநாயகம், பிரியாணியை மென்றபடி, வேஷக்காரர்களுக்குத் தலைவனான மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"துணி யானைக்குள்ளே ரெண்டு பேர் எதுக்குடா? முன்னங்காலுக்கு நீ போதும். பின்னங்கால் சுடலைக்குச் சீட்டைக் கிழிச்சிடு. அங்கே ஒரு முக்காலியை முட்டுக் கொடு. ஜனங்க தும்பிக்கையைத்தான் பார்ப்பாங்க!"

"உத்தரவு முதலாளி" என்றான் மாடக்கண்ணு, ரொம்பப் பணிவாக.

திரை ஏறியது. கிரீடம் சூடி யானைமேல் உட்கார்ந்திருந்த முதலாளி, "நடடா பட்டத்து யானையே!" என்று முழங்கினார். முன்னங்கால் நடந்தது. முக்காலி நின்றுவிட்டது. ராஜா மல்லாக்க விழுந்தார். கொட்டகை விசிலடித்தது.

தும்பிக்கைக்குள்ளிருந்து குரல் வந்தது: "தாங்குற ஆளைக் குறைக்காதீங்க முதலாளி. உங்க பிரியாணியைக் குறைங்க. செலவும் குறையும், பாரமும் குறையும்!"

மறுநாள் யானை நாலு காலில் நடந்தது. ராஜாவுக்கு ரசஞ்சோறு.