முந்நூற்று எண்பத்தாறு

இருட்டிய பிறகு ஆசிரமத்தில் ஒரு சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். பூச்சியும் இல்லை, பல்லியும் இல்லை.

குரு எழுந்து போய்ப் பார்த்தார். சிஷ்யை கஸ்தூரி தன் அறையில் இன்சுலின் ஊசியை விளக்குக்கு நேராகப் பிடித்து, காற்றுக்குமிழி மேலே ஏற நகத்தால் சுண்டிக்கொண்டிருந்தாள். பாயில் அவளுடைய ஏழு வயது மகள் மகிழினி. ஒரு வருடமாகக் குழந்தைக்குச் சர்க்கரை நோய்.

“என்னம்மா, சாப்பிடும்போதே ஊசி போட்டாச்சே?”

“சர்க்கரை பார்க்கிற மிஷின் முந்நூற்று எண்பத்தாறு காட்டுது, ஐயா. முந்நூறைத் தாண்டினா கூடுதலாப் போடணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்.”

“தண்ணி தண்ணின்னு கேட்டாளா?”

“இல்லை.”

“சோர்ந்து கிடந்தாளா?”

“சோர்வா! இப்பதான் என் முடியைப் பிடிச்சு இழுத்தா, ஊசி வேண்டாம்னு.”

“இன்னும் இழுப்பேன்,” என்றாள் மகிழினி.

குரு கஸ்தூரியிடம் திரும்பினார். “நிஜமா நூத்து முப்பதுதான் இருக்குன்னு வை. இந்த ஊசி என்ன செய்யும்?”

கஸ்தூரியின் முகம் வெளுத்தது. “தூக்கத்திலேயே மயங்கிடுவா. பக்கத்துல படுத்திருக்கிற எனக்கே தெரியாது.”

குரு சிறுமியின் விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“சாயந்திரம் என்ன செய்தே, கண்ணு?”

“நாளைக்குப் பூசைக்குப் பஞ்சாமிர்தம் பிசைஞ்சேன். ஒரு சொட்டுகூட நக்கலை!”

“ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுட்டுத்தானே குத்தினேன்!” என்றாள் கஸ்தூரி.

“சோப்புப் போட்டுக் கழுவு. ஈரம் போகட்டும். வேற விரல்ல பாரு.”

மிஷின் ஐந்து விநாடி எடுத்துக்கொண்டது. கஸ்தூரி மூச்சு விடவில்லை.

நூற்று இருபத்தெட்டு.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“அப்போ மிஷின் பொய் சொல்லிச்சா, ஐயா?”

“நீ வெல்லமும் வாழைப்பழமும் எவ்வளவுன்னு கேட்டே. அது சொல்லிச்சு.”

அவள் அழுதாள். பிறகு கேட்டாள்: “ரெண்டு மணிக்குத் திரும்பப் பார்க்கணும். இன்னிக்கு ஒரு ராத்திரி நீங்க வாசல்லயே இருங்களேன்.”

“ரெண்டு மணிக்கு முந்நூறுக்கு மேல காட்டினா?”

“கழுவி, துடைச்சு, மறுபடி பார்ப்பேன்.”

“அப்பவும் மேலேயே இருந்தா?”

“டாக்டர் எழுதினபடி போட்டுட்டு, அவருக்குப் போன் பண்ணுவேன்.”

“எழுபதுக்குக் கீழே போனா?”

“குளுக்கோஸ் தண்ணி. கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை.”

“அப்போ வாசல்ல நான் யாருக்குக் காவல்?”

கஸ்தூரி மிஷினையும் குளுக்கோஸையும் தலைமாட்டில் எடுத்து வைத்தாள். குரு வெளியே வந்தார். நாலடி நடப்பதற்குள் அவருக்குப் பின்னால், உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.