கோட்டைக் கல்லில் ஒரு சாசனம்

மலைக்கோட்டை ஒன்றின் இடிந்த மண்டபத்தில் ஒரு புலி குடியிருந்தது. சரிவில் பதினெட்டு ஆடுகள் மேய்ந்தன.

மண்டபத்தின் கல் தரையில் யாரோ உளியால் ஒரு முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் செதுக்கியிருந்தார்கள். புலி ஒருநாள் ஆடுகளைக் கூப்பிட்டு அதைக் காட்டியது.

"பார்த்தீர்களா! இது அந்தக் காலத்து ராஜா வெட்டிய சாசனம்! வாரம் ஒரு ஆடு தனியாக வந்து புலிக்கு இரையாக வேண்டும் என்று இதில் எழுதியிருக்கிறது!"

புலிக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு ஆடாவது கேட்டதா? இல்லை. ராஜா என்றதுமே எல்லாம் தலையாட்டிவிட்டன. மூன்று வாரத்தில் மூன்று ஆடுகள் போயின. அடுத்த முறை செவலை என்ற பெண் ஆட்டுக்கு வந்தது.

செவலைக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்காவிட்டால் புல் இறங்காது. "நாளைக்குச் சாகத்தான் போகிறேன். என்னைப் பற்றி எந்தக் கோட்டில் எழுதியிருக்கிறது என்றாவது பார்க்கிறேனே!" என்றது. மதியம் புலி சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போனதும் மண்டபத்துக்கு ஏறியது.

அங்கே புலி இருப்பது தெரியாமல், விறகு வெட்ட வந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, கோடுகளின் மேல் கூழாங்கற்களையும் புளியங்கொட்டைகளையும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். செவலை தூணுக்குப் பின்னால் ஒளிந்தது. தூணில் ஓர் ஓணான் இருந்தது.

"ஓணான் அண்ணே! சாசனத்தின் மேல் கல் வைக்கிறார்களே, தப்பில்லையா?"

"சாசனமா! எவன் சொன்னான்? இது ஆடுபுலி ஆட்டம்! அந்த மூன்று புளியங்கொட்டையும் புலி. பதினைந்து கூழாங்கல்லும் ஆடு!"

"புலி எப்படி ஆட்டைத் தின்னும்?"

"ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் தாண்டிக் குதித்துத் தின்னும்!"

"காலியாக இல்லாவிட்டால்?"

"குதிக்க முடியாது! நகரவே வழியில்லாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது!"

செவலைக்கு அழுகை வந்தது. மூன்று பேரை வீணாகப் பறிகொடுத்தோமே! மந்தைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னது.

மறுநாள் காலை புலி கண் விழித்தபோது, மண்டபத்தின் மூன்று குறுகிய வாசலிலும் ஐந்தைந்து ஆடுகள் கொம்பை நீட்டிக்கொண்டு நெருக்கமாக நின்றன.

"ஒருத்திதானே வர வேண்டும்!" என்று புலி கத்தியது.

"சாசனத்தை நாங்களும் பார்த்தோம்! அதில் பதினைந்து பேரும் இருக்கிறோம்!" என்றது செவலை.

புலி உறுமியது. ஆனால் யாரும் நகரவில்லை. புலி பாய்ந்து பார்த்தது. ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு, அதற்குப் பின்னால் இன்னொன்று. கால் ஊன்ற இடமே இல்லை. கொம்பு குத்தி முன்னங்கால் கிழிந்ததுதான் மிச்சம். மற்ற இரண்டு வாசலிலும் இதே கதைதான்.

மாலையில் புலி பணிந்தது. "வழி விடு தாயே! பசி தாங்கவில்லை!"

"மலையை விட்டே போவதாக இருந்தால் விடுகிறோம்!"

புலி தலையாட்டியதும் பின்வாசல் ஆடுகள் ஒதுங்கின. புலி நொண்டிக்கொண்டே அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. செவலை மண்டபத்துக்குள் போய், அந்தக் கோடுகளின் மேலேயே படுத்துக் கண்ணை மூடியது.

அடுத்தவர் சொல்லிப் பயமுறுத்துவது எதுவானாலும், நாமே நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம்ப வேண்டும்.