காலண்டர் ஆணி

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. கடற்கரைச் சாலையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. சீடரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

குருவின் பெயர் ஹசீனா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாமே எடுப்பார். அவர் எடுத்த முகங்களைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள்.

சீடர் தணிகாசலம் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கினார், இரண்டு கேமரா வாங்கினார், நேராக ஹசீனா முன்னால் வந்து நின்றார். மூன்று வருடம் லைட் ஸ்டாண்ட் தூக்கினார், கம்ப்யூட்டரில் முகங்களுக்கு டச்சப் செய்து கொடுத்தார். நான்காவது வருடத்தில் ஒரு நாள் குரு வாய் திறந்தார்.

"இந்தப் பொண்ண நீங்க எடுங்க சார்."

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெண் ஷெர்லின். குப்பத்துப் பிள்ளை. பிளஸ் டூ முடித்திருந்தாள். பள்ளியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் கொடுத்துப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். அதற்கு ஒரு படம் வேண்டும். வரும்போதே ஸ்கேட்போர்டில் வந்து, வாசலில் காலால் ஒரு தட்டுத் தட்டி, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எப்படி வேணும்மா?" தணிகாசலம் நோட்டைத் திறந்தார். அதில் ஏற்கெனவே பன்னிரண்டு யோசனைகள் நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

"போர்டோட வேணும் அங்கிள். சேரப்போற காலேஜ் ஹாஸ்டல்ல போர்டு கொண்டுவரக் கூடாதுன்னுட்டாங்க. அதான், போட்டோவாச்சும் எடுத்துட்டுப் போலாம்னு."

"பிரமாதம்! போர்டு மேல ஏறி அப்படியே பறக்கிற. தொப்பி மேல பறக்குது. பின்னாடி கலர் புகை விடறோம்..."

"இல்ல அங்கிள். சும்மா நிக்கிறேன். சர்டிபிகேட்ட புடிப்பாங்கல்ல, அது மாதிரி நெஞ்சுக்கு நேரா போர்ட புடிச்சுக்கறேன். அடிப்பக்கம் முன்னாடி தெரியணும்."

தணிகாசலம் பதின்மூன்றாவதாக அதையும் எழுதிக்கொண்டார். லைட் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று சொல்லி, போர்டை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அவள் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் சீடர் கேட்டார்.

"மாஸ்டர், இதுவரைக்கும் யாரும் எடுக்காத மாதிரி ஒரு படம் எப்படி எடுக்கிறது?"

"அவ சொன்னதக் கேட்டீங்களா?"

"எழுதியே வெச்சிட்டேன். அடிப்பக்கம் முன்னாடி தெரியணும்."

"சரி."

 குரு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

தணிகாசலம் போர்டைத் திருப்பிப் பார்த்தார்.  ஒரு காலத்தில் அதில் ஏதோ படம் இருந்திருக்க வேண்டும். இப்போது ஒரே கீறல். மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாகப் பூனை பிறாண்டிய கதவு மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் மரம் பிய்ந்து நார் நாராகத் தெரிந்தது. இதையா அந்தப் பெண் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறாள்? அதுவும் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளப்போகிற படத்தில்?

அலுவலகத்தில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் கேட்டுக்கு சில்வர், சுவருக்கு வெள்ளை, வாசல் மரத்துக்கு இடுப்பளவு காவி. இருபத்தெட்டு வருடம் பெயிண்ட் டப்பாக்களை எடுத்துக் கொடுத்த கை அது. சும்மா இருக்குமா?

போர்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று விதமான உப்புத்தாள் வாங்கினார். முதலில் முரட்டுத்தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் வழவழப்பு. பள்ளங்களுக்குப் பட்டி வைத்தார். காயவிட்டு மறுபடியும் தேய்த்தார். கருநீல பெயிண்ட் இரண்டு கோட்டிங். அதன்மேல் தங்க நிறத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷெர்லினின் பெயரையும் வருடத்தையும் எழுதினார். முடிந்ததும் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தார். சொந்த மகளுக்குச் சீர் செய்த மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷெர்லின் அங்கியோடு வந்தாள். தொப்பி கையில் இருந்தது. குரு ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் போர்டு, அதன்மேல் பட்டுத்துணி. அமைச்சர் சிலை திறக்கிற தோரணையில் தணிகாசலம் துணியை உருவினார்.

தங்க எழுத்து பளபளத்தது.

ஷெர்லின் அதைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கீழே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என் போர்டு எங்க அங்கிள்?"

"இதான்மா! இதேதான்!"

அவள் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. போர்டை இழுத்து எடுத்தாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், சக்கரம் அவளுடையதுதான். அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் கெட்டியாகக் காய்ந்திருந்தது. உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"எல்லாம் போயிடுச்சா?"

"எதும்மா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தணிகாசலத்துக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது, மூடவே இல்லை.

குரு எழுந்து வந்தார்.

"அடிப்பக்கத்தோட போட்டோ எதுவும் உங்கிட்ட இருக்காம்மா?"

"வீடியோதான்க்கா இருக்கு. எல்லாத்துலயும் நான்தான் தெரியறேன். போர்டு சுத்திக்கிட்டே இருக்கும், அடிப்பக்கம் ஒண்ணுலயும் நிக்காது. இன்னிக்கு எடுத்துடுவோமேன்னுதான்..."

குரு சீடரைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் தணிகாசலத்துக்குப் புரிந்தது. நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறேன் என்று அவள் சொன்னது அந்தக் கீறல்களைத்தான். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக நினைத்ததும் அவற்றைத்தான். அதைத் தன் கையாலேயே, பார்த்துப் பார்த்து, பொடியாக்கி ஊதித் தள்ளியாகிவிட்டது. வீட்டில் இரண்டு கேமரா வைத்திருக்கிற மனுஷன், தேய்ப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுக்கவில்லை. 

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் மாஸ்டர். இத எப்படிச் சரி பண்றது?"

குரு சுவர்ப் பக்கம் போனார். அங்கே தொங்கிய காலண்டரை இறக்கித் தரையில் சாய்த்து வைத்தார். குறடால் ஆணியைப் பிடுங்கினார். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. ஆணியைக் கொண்டுவந்து சீடரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அழிச்சது நீங்கதானே சார். எது எது எங்கெங்க இருந்துச்சோ, அங்கயே திருப்பிப் போட்டுடுங்க."

தணிகாசலம் குருவின் முகத்தைப் பார்த்தார். அங்கே சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து போர்டை மடியில் போட்டுக்கொண்டார். ஆணியை நீட்டினார். நுனி கருநீலத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

எங்கே கீறுவது?

எந்தக் கடையில் உப்புத்தாள் வாங்கினார் என்று நினைவிருந்தது. அதன் நம்பர் நினைவிருந்தது. முதல் கோட்டிங் காய நாலு மணி நேரம் ஆனது நினைவிருந்தது. இரண்டு நாள் அந்த மரத்தை மடியில் போட்டுத் தடவியிருக்கிறார், ஒரு கோடுகூட நினைவில் இல்லை. ஸ்டோரில் நாலாயிரம் சாமானும் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்!  நெற்றி வியர்வை தங்க எழுத்தின்மேல் சொட்டியது.

"தெரியலை மாஸ்டர்."

"ஒண்ணாவது?"

"ஒண்ணுகூட."

"தெரிஞ்சவங்களக் கேளுங்க."

தணிகாசலம் ஷெர்லின் பக்கம் திரும்பினார். அவளை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், தொப்பியை எவ்வளவு உயரம் வீச வேண்டும் என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல நோட்டு நிறைய வைத்திருந்தார். அவளைக் கேட்பதற்கு என்று ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

"எங்கெங்கம்மா இருந்துச்சு?"

 வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சொல்லவே போவதில்லை என்று அவர் நினைத்தபோது, அவள் முட்டிபோட்டு நகர்ந்து வந்து போர்டின் முனையில் விரலை வைத்தாள்.

"இங்க. மீன் மார்க்கெட் படியில சறுக்கும்போது ஒரசினது. மொத்தம் ஏழு படி. பதினாலு வாட்டி விழுந்தேன்." அங்கியின் கையை மேலே தள்ளினாள். முழங்கையில் தழும்பு வெளுத்துப்போய் இருந்தது.

"இங்க ரெண்டு. சர்ச் முன்னாடி இருக்கிற கம்பி." தாடையைக் காட்டினாள். "நாலு தையல்."

"இங்க சின்னச் சின்னதா நிறைய. ஐஸ் பாக்டரி சந்து. மொதல்ல கத்துக்கிட்டது அங்கதான். மீன் கூடைக்காரங்க எல்லாம் தொரத்துவாங்க." பேண்டை முழங்காலுக்கு மேலே இழுத்தாள். அங்கே எண்ண முடியாதபடி இருந்தது. இதையெல்லாம் மறைக்கத்தான் மேக்கப்புக்கு ஆள் சொல்லலாமா என்று தணிகாசலம் பதினான்காவது யோசனையாக எழுதியிருந்தார்.

அவள் விரல் போர்டின் நடுவில் வந்து நின்றது. அங்கே அவள் பெயர் தங்கத்தில் மின்னியது.

"இங்க ஒண்ணு. நீளமா, இங்கேர்ந்து இது வரைக்கும். ஹார்பர் சுவரு. அதுவரைக்கும் எங்கப்பா திட்டிக்கிட்டே இருப்பாரு. ஒரு வாட்டி போர்டத் தூக்கிக் கடல்லயே எறிஞ்சிருக்காரு. அன்னிக்கு வள்ளத்துலேர்ந்து எறங்கி வந்தவரு, சும்மா நின்னு பார்த்தாரு. நான் அந்தச் சுவரு முழுக்க சறுக்கிட்டு எறங்கினேன். 'இன்னொரு வாட்டி பண்ணு'ன்னாரு."

"அதுக்கு... எங்கம்மா தழும்பு?" தணிகாசலம் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள். அன்னிக்கு நான் விழல. போர்டுல மட்டும்தான் இருந்துச்சு."

தணிகாசலம் ஆணியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஐம்பத்து நான்கு வயது ஆள், ஒரு சின்னப் பெண் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷெர்லின் எழுந்தாள். போர்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிரே பூட்டிக் கிடந்த கடைக்கு நீளமான கருங்கல் படி ஒன்று உண்டு. அங்கியைத் தூக்கி, மீன் விற்கிற பெண்கள் சேலையைச் செருகுகிற மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருவின் கோடியிலிருந்து காலால் உதைத்து உதைத்து வந்தாள். எகிறினாள். போர்டின் அடிப்பக்கம் கல் விளிம்பில் உட்கார்ந்து, பல் கூசுகிற சத்தத்தோடு முழு நீளமும் சறுக்கியது.

"ஐயோ, பெயிண்ட்டு!" என்று கத்திவிட்டார் தணிகாசலம்.

கத்திய மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். குரு வாசலில் நின்றபடி அவரைப் பார்த்தார். 

ஷெர்லின் தரையில் இறங்கி நின்று போர்டைத் திருப்பினாள். தங்க எழுத்தைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு கோடு ஓடியது. அதற்குள்ளே பழைய மரம் தெரிந்தது.

"எங்கப்பா கோடு இருந்த எடத்துலதான் போடப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி விழுந்துடுச்சு."

போர்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எடுங்க அங்கிள்."

தணிகாசலம் கேமராவை எடுத்தார். நோட்டு உள்ளே மேஜைமேல் கிடந்தது. எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. இடுப்பில் செருகிய அங்கி, முழங்கைத் தழும்பு, பாதி கிழிந்த தங்கப் பெயர். தணிகாசலம் முகத்தைப் பெரிதாக்கினார். தாடையில் நாலு தையல் தெரிந்தது. மூன்று வருடப் பழக்கம், மவுஸ் தானாகவே தழும்பின்மேல் போய் நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், சருமம் வழவழவென்று ஆகிவிடும்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இதுல எதையாவது தொடணுமா?"

குரு திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஆணி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை. கீழே காலண்டர் இன்னும் சாய்ந்தபடியே கிடந்தது. தேதியும் மூன்று நாளாகக் கிழிக்கவில்லை, சனிக்கிழமையிலேயே நின்றது.

சீடருக்குச் சுருக்கென்றது. அவசரமாக எழுந்தார்.

"மறந்தே போயிட்டேன் மாஸ்டர்! இப்பவே அடிச்சு மாட்டிடறேன்."

"ஆணி எங்க இருக்கு?"

"அன்னிலேர்ந்து பாக்கெட்லதான் வெச்சிருக்கேன்."

"அப்ப அது அங்கயே இருக்கட்டும் சார். காலண்டர் கீழயே கிடக்கட்டும்."