காளான் குழுவைக் காத்த தையல்நாயகி அம்மையார்

ஐப்பசி 19, புதன்கிழமை.

நேற்று மாலை தேவார வகுப்பில் தையல்நாயகி அம்மையாரைப் பற்றிப் பேசும்போது, அவர் காளான் வகைகளை நன்கு அறிந்தவர் என்று சொல்லிவிட்டேன். அது தவறு. அவற்றின் பெயர்கூட அம்மையாருக்குச் சரியாகத் தெரியாது. கேட்டவர்கள் நான் சொன்னதை அப்படியே நம்பியிருப்பார்களே என்று உறுத்துகிறது. அதனால் அறிந்ததை மட்டும் முறையாக எழுதிவைக்கிறேன். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி.

அம்மையார் சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவி வாழ்ந்துவருகிறார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. விடிந்ததும் நஞ்சுண்டநாதர் கோயிலுக்குப் போய், பிராகாரத்தில் முளைத்த புல்லை உழவாரத்தால் செதுக்குவார். கல்லில் கீறல் விழாமல் வேரை மட்டும் எடுப்பார். பிறகு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கைப்பேசியில் ‘மலைக் காளான்’ என்ற வாட்ஸ்அப் குழுவைத் திறப்பார்.

மழைக்காலத்தில் மலையில் முளைக்கும் காளான்களைப் படம் எடுத்துப் பகிர்பவர்களின் குழு அது. நானும் அதில் உண்டு. தொடங்கியவர் வெளிநாடு போகும்போது, யாரிடமும் சண்டை போடாதவர் என்று அம்மையாரை அட்மின் ஆக்கிவிட்டுப் போனார். அம்மையார் அதையும் கோயில் பணியாகவே கொண்டார். புதிதாக வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்பார். எவரேனும் இன்னொருவர்மீது கடுஞ்சொல் எழுதினால் முதலில் அவரிடம் தனியாகப் பேசுவார். அதன் பிறகே, ஐந்தெழுத்தை ஒருமுறை சொல்லி அந்தச் செய்தியை நீக்குவார்.

அவர் பிடிவாதமாகக் காத்த விதி ஒன்று உண்டு. ‘இதைச் சாப்பிடலாமா’ என்று கேட்பவருக்குக் குழுவில் பதில் எழுதக் கூடாது. தெரிந்தவர் போனில் அழைத்துத்தான் சொல்ல வேண்டும். மலைமேல் சிக்னல் வந்து வந்து போகும். அங்கிருந்து எழுதிய பதில் எங்கோ தங்கி, நேரம் கழித்து இறங்கி, வேறொருவருடைய படத்தின் கீழ் விழுந்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி விழுந்த பதிலை நம்பிய ஒருவர் வாந்தியெடுத்துத் தப்பினார்.

குழுவில் குணாளன் என்ற வங்கி ஊழியர் இருந்தார். அவரும் ஒரு அட்மின். காளான்களை உண்மையாகவே அறிந்தவர். அவருக்கு இந்த விதி பிடிக்கவில்லை.

“சாப்பிடலாம்னு ஒரு வார்த்தை சொல்ல போன் போடணுமா? மண்டபத்துல அண்டா கழுவுற மாதிரி எங்க வாயையும் கழுவப் பாக்குறீங்களாம்மா?” என்று எல்லோரும் பார்க்க எழுதினார். அதன் கீழ் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

“இது குரூப்பா, கோயில் க்யூவா? பேசாதே, தொடாதே, தள்ளி நில்லு!” என்றார் இன்னொருவர்.

“கழுவுறது என் தொழிலுதானுங்க தம்பி. என்னைத் திட்டுங்க, பரவால்லீங்க. பதிலை மட்டும் போன்ல சொல்லிடுங்க” என்று அம்மையார் எழுதினார். தம்மைத் திட்டிய செய்திகளை அவர் நீக்கவில்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் குணாளன் அம்மையாரை அட்மின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். விதியும் போயிற்று. அம்மையார் குழுவை விட்டு விலகவில்லை. வழக்கம்போல் காலையில் திறந்தார், புதியவர்களை வரவேற்றார். பதில்கள் சரசரவென்று விழும்போது மட்டும், ஒவ்வொன்றும் எந்தப் படத்துக்கு உரியது என்று மேலே தேடிப் பார்ப்பார்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. பகலிலும் வீடுகளில் விளக்கு எரிந்தது. மட்கிய மரங்களின் அடியில் வெள்ளைக் காளான்கள் கூட்டமாக எழுந்தன. ஆடுகள் அவற்றை முகர்ந்துவிட்டு விலகிப்போயின.

ஞாயிறு நண்பகலில், பந்திப் பாத்திரங்களுக்கு நடுவே அம்மையார் கைப்பேசியைப் பார்த்தார். குணாளனின் மனைவி செல்வராணி, தட்டு நிறைய வெள்ளைக் காளான்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ‘கொல்லையில் முளைத்தது. குழம்பு வைக்கலாமா?’ என்று கேட்டிருந்தார். அதன் கீழே குணாளனின் பதில் இருந்தது: ‘அருமையான காளான். தாராளமாகச் சமைக்கலாம்.’

மேலே காலையில் யாரோ போட்ட இன்னொரு படமும் கிடந்தது. குணாளன் அன்று மலையுச்சிக்குப் போவதாக எழுதியிருந்தார். அந்தப் பதில் எந்தப் படத்துக்கு உரியது என்று அம்மையாருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதே அவரை உலுக்கியது. செல்வராணிக்கோ, கணவர் சொன்னபின் வேறு யார் சொல்ல வேண்டும்? வீட்டில் இரண்டு குழந்தைகள்.

குணாளனின் எண் கிடைக்கவில்லை. செல்வராணியின் எண்ணில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ‘அடுப்பை அணைத்துவிடம்மா’ என்று அம்மையார் எழுதியதை யாரும் பார்க்கவில்லை.

“அடுத்த பந்தி உக்காந்தாச்சு. இப்பப் போனீன்னா நாளைக்கு வராத!” என்று மண்டபத்து மேலாளர் கத்தினார். அம்மையார் கையில் நுரையோடு மழையில் இறங்கினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம்தான் குணாளனின் வீடு. தரைப்பாலம் மூழ்கியிருந்தது. செந்நீர் ஒரு மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு போயிற்று. அம்மையார் கரையில் நின்று கைகூப்பினார். “அப்பா, இந்தக் காலுக்கு இவ்வளவுதான் முடியும். நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அவர் சேர்ந்தபோது வீட்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அம்மையார் வாசலில் நின்று கூப்பிட்டார். அப்போது செல்வராணி வெளியே வந்தார்.

“என்னக்கா, மறுபடியும் வந்திருக்கீங்க?”

“புள்ளைங்க… குழம்பச் சாப்பிட்டாங்களாம்மா?”

“நல்லா கேட்டீங்க! தட்டு போட்டு உக்கார வெச்சிருந்தேன். நேரா அடுப்படிக்கு வந்து, சட்டியத் தூக்கிக் கொல்லையில கொட்டினது நீங்கதானே? ஒரு வார்த்தை பேசலை. புள்ளைங்க பயந்து அழுது, இப்பத்தான் தூங்குதுங்க.” சொல்லிக்கொண்டே வந்தவர், நீர் சொட்ட நின்ற அம்மையாரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். குரல் தாழ்ந்தது. “அப்ப உங்க சேலை நனையவே இல்லீங்களேக்கா.”

கொட்டியதைக் கொத்திய கோழிகள் மறுநாள் எழவில்லை. இரவே மலையிறங்கிய குணாளன், தாம் பதில் சொன்னது மேலே இருந்த படத்துக்கு என்றார். கோழிகளைப் பார்த்ததும் கோயிலுக்கு ஓடினார். புல் செதுக்கிக்கொண்டிருந்த அம்மையாரின் காலில் விழுந்தார்.

“என் புள்ளைங்க உசுரு நீங்க குடுத்ததும்மா.”

“எந்திரிங்க தம்பி. வந்தது நானில்லீங்க.”

அம்மையார் கருவறைப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. “அண்டா கழுவுற இந்த உருவத்தையா போட்டுக்கிட்டு வந்த சாமி? உன்னை நடக்க வெச்சுட்டேனே” என்று தேம்பினார்.

அன்றே குணாளன் விதியைத் தம் பெயரில் குழுவில் எழுதினார். அம்மையாரையும் மீண்டும் அட்மின் ஆக்கினார். பொறுப்பைப் பறித்தபோதும் பணியை விடாதவர் அம்மையார். அவர் உருவத்தை இறைவன் விரும்பி அணிந்தான் என்றால், அதைவிட அழகான உருவம் அவன் கண்ணில் படவில்லை என்றே கொள்கிறேன்.

இந்த ஆண்டும் மழை விடவில்லை. நாளை காலை குழுவைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்று, ஒவ்வொருவருக்கும் விதியைத் தனியாக அனுப்ப வேண்டும்.